கண்ணால் கேட்கிற வீடு

ஆங்கிலத்தில் சில சொற்களை எனக்கு அளவுக்கு மீறிப் பிடிக்கும். காதுக்கு ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கிற ஜோடிச் சொற்கள். வாரத்துக்கும் வீக், உடம்புக்கு முடியாமல் துவண்டு கிடப்பதற்கும் வீக். காத்திருப்பதற்கும் வெயிட், அரிசி மூட்டையின் எடைக்கும் வெயிட். தட்டில் விழுகிற கறியும் மீட், கல்யாண வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் மீட். தமிழில் எழுதிப் பார்த்தால் இந்த ஜோடிகளுக்குள் துளி வித்தியாசம் கிடையாது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொன்றும் தனி ஆள், தனி குணம்.

பள்ளிபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பள்ளி திறந்ததும் முதல் பாடத்துக்கு முன்னால் இந்தச் சொற்களைத்தான் கையில் எடுப்பேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு டையிங் போர்டு தொங்குகிறது. சாயம் போடுகிற இடம். அதே சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் சொன்னால் வீடே அழும். தறியில் கை துடைக்கிற நூல் கழிவும் வேஸ்ட், சேலையைச் செருகுகிற இடுப்பும் வேஸ்ட். இதைச் சொன்னதும் வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஆசிரியை ஆனேன் என்று கூடத் தோன்றும்.

என் குரலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆறாம் வகுப்புக்கு நடத்தினால் எட்டாம் வகுப்பும் சேர்ந்து படித்துக்கொள்ளும். தலைமை ஆசிரியை பலமுறை நயமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். குரல் மட்டுமில்லை, முகமும் சும்மா இருக்காது. இரண்டு நிமிடம் பாடம் நடத்தினால் முகத்தில் நாடகமே நடக்கும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். கோபம் வேறு சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகும். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்த வீடு எப்படிப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

நான் பிறந்தது அயோத்தியாப்பட்டணம். அங்கே ஒருவருக்குப் பேச வேண்டுமென்றால் வாயைத் திறந்து பேசுவார், காது இருக்கிறவர் கேட்டுக்கொள்வார். இந்தச் சாதாரண ஏற்பாடுதான் எல்லா ஊரிலும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு கல்யாணமாகிப் பள்ளிபாளையம் வந்தேன். மாமியார் வீட்டின் பின்சுவரை ஒட்டி எங்கள் தறிப்பட்டறை. விசைத்தறி ஓடத் தொடங்கினால் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிக்கிற சத்தத்தில் சமையலறை டம்ளர்கள் அதிரும். பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பாவு நூல் அறுந்ததா, டீ வந்ததா, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்ததா, எல்லாம் உதட்டிலும் புருவத்திலும் நடந்து முடிந்துவிடும்.

பட்டறைப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை மதியம். பந்திப் பாயின் ஒரு முனையில் மாமியார், மறுமுனையில் என் கணவர், கதவோரம் அவருடைய அக்கா. நான் பரிமாறுகிறேன். ஒரு சத்தம் இல்லை. சாப்பிடும்போது பேசாத எவ்வளவு ஒழுக்கமான குடும்பம் என்று பூரித்துப் போய் என் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பந்தியில் என் ரசம், என் குரல், என் அப்பாவின் மீசை மூன்றையும் பற்றி விரிவாகப் பேசி முடித்திருந்தார்கள் என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என் கணவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் கோபித்துக்கொண்டு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அந்த வீட்டில் அது ஒரு தண்டனையே இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டாலும் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

நானும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். எனக்கு எல்லார் வாயும் வெற்றிலை மெல்கிற மாதிரியே தெரிந்தது. ஆங்கிலம் வந்த எனக்கு அது மட்டும் வரவேயில்லை. வருஷங்கள் போயும் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் செவிடு.

கதவோரம் உட்கார்ந்திருந்த அக்காதான் இந்தக் கதைக்கு உரியவர். நான் அவரை அண்ணி என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார். அடுத்த தெருவில் வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி மாதம் வடக்கேதான் இருப்பார். மகள் கல்லூரி விடுதியில். அண்ணி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் பட்டறைக்குள்தான் கிடப்பாராம், தறி ஓட்டிக்கொண்டே நர்சிங்குக்குப் படித்தவர். வார்டில் அவர் நடந்து வந்தாலே நோயாளிகள் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள் என்று கேள்வி.

அந்த ஆஸ்பத்திரியில் யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போனால் நர்ஸ்கள் அறையில் கேக் வெட்டுவார்கள். போகிறவர் மேசைக்கு ஒரு பக்கம் நிற்பார், வழியனுப்புகிறவர்கள் மறுபக்கம். அண்ணி வேலை சொல்லிக்கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கேக்குக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சீனியர் என்பதால் கேக்கைத் துண்டு போட்டுக் கொடுக்கிற வேலை எப்போதும் அண்ணிக்கு. விரலில் கிரீம் ஒட்டியபடி சிரித்துக்கொண்டு நிற்கிற அண்ணியின் படங்கள் எத்தனையோ பேர் போனில் இருக்கின்றன.

ஒருநாள் அவரும் விண்ணப்பம் போட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி சரி என்று சொன்ன பிறகுதான் சொன்னார். மாமியார் வாயடைத்துப் போனார். அந்த வீட்டில் வாயடைத்துப் போவது பெரிய விஷயமில்லை என்றாலும் அன்றைக்குப் புருவம் கூட அசையவில்லை. எல்லாம் கூடி வந்தது, ஓர் ஆங்கிலத் தேர்வைத் தவிர. படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் அண்ணி நன்றாகவே தேறினார். கேட்பதில் தோற்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் வெறும் கோடாக விட்டுவிட்டு வந்திருந்தார்.

எனக்கு அப்படியொரு உற்சாகம். ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரியவில்லை என்றால் என் ஜோடிச் சொற்கள்தான் குழப்பியிருக்க வேண்டும், வேறென்ன காரணம் இருக்க முடியும்? நான் இருக்கையில் அண்ணி தோற்பதா? ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சொல்வேன், அவர் அர்த்தம் எழுத வேண்டும். வெயிட் என்றேன். எடை என்று எழுதினார். மறுபடியும் வெயிட் என்றேன். காத்திருத்தல் என்று எழுதினார். நோயாளிகளும் பொறுமையும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுதான், அதையும் கேட்டேன். நான் மனதில் எதை நினைத்தேனோ அதையே எழுதினார். ஒரு சொல் கூடத் தப்பவில்லை.

மூத்த நாத்தனாருக்குப் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கோபம் வந்தாலும் அதன் வாலில் ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் வெளியே விட வேண்டும். ஆனால் கோபமே வரவில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு முழு மதிப்பெண். என் பள்ளி ஆசிரியைகளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அண்ணி கோயமுத்தூர் போய் மறுபடி தேர்வெழுதினார். மறுபடி கேட்பதில் தோற்றார்.

நான் தேர்வு நடத்துகிறவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். ஹெட்போன் பழசாக இருக்கும், ஒயர் அறுந்திருக்கும், பேசியவன் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசியிருப்பான். அண்ணி யாரையும் திட்டவில்லை. சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அயர்லாந்து ஆஸ்பத்திரி இன்னும் ஒரு தேர்வு வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. அதிலும் தவறினால் இடம் வேறொருவருக்கு.

என் கணவர்தான் மெதுவாக அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். தறிச் சத்தத்தில் வளர்ந்த காதாயிற்றே, கோளாறாக இருக்குமோ என்றார். அதைக் கேட்டதும் அண்ணியின் முகம் வெளுத்ததை நான் கூடப் படித்துவிட்டேன். ஒரு நர்ஸுக்குக் காது போய்விட்டதென்றால் அயர்லாந்து இருக்கட்டும், ஈரோடே போய்விடும். தன் ஆஸ்பத்திரியிலேயே ரகசியமாகப் பரிசோதனை செய்துகொண்டார். காது சுத்தமாக இருக்கிறது, பச்சைக் குழந்தைக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதும் சரி, ஆங்கிலமும் சரி. பிறகு எதுதான் சரியில்லை என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

விளங்கியது ஒரு வடைச் சட்டி முன்னால். அன்றைக்கும் ஞாயிறுதான். நான் அடுப்பைப் பார்த்து நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் மூலையில் கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தார். அண்ணி எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நேரத்தை வீணாக்குவானேன் என்று நான் திரும்பாமலே ஜோடிச் சொற்களை வீச ஆரம்பித்தேன். ஹீல் என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். தெரியவில்லை என்றார். வீக் என்றேன், வெயிட் என்றேன். எல்லாவற்றுக்கும் தெரியவில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு முழு மதிப்பெண் வாங்குகிறவர் விளையாடுகிறாரோ என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லம்மிணி” என்றார் அண்ணி.

கரண்டியோடு திரும்பி ஹீல் என்றேன். “குதிகால்” என்றார் கண்ணிமைக்கும் முன்னால். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இன்னொன்று சொன்னேன். தெரியவில்லை. திரும்பினால் தெரிகிறது, திரும்பிக்கொண்டால் தெரியவில்லை. எண்ணெயில் கிடந்த வடை கருகிக்கொண்டிருந்தது.

“எப்படீங்க அண்ணி தெரியுது?” என்றேன்.

“நீ குதிகாலுன்னா உன்ற கண்ணு கீழ போவுது. புண்ணு ஆறதுன்னா தலையை ஒரு பக்கம் சாய்க்கற. அதே ஹீலுதான், மூஞ்சி வேற” என்றார் வெங்காயத்தை உரித்தபடியே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

மூலையிலிருந்து மாமியாரும் சேர்ந்துகொண்டார். எடை என்கிற வெயிட்டைச் சொன்னால் என் கன்னம் இரண்டும் உப்புகிறதாம். காத்திருக்கிற வெயிட்டுக்குக் கண் வாசலைப் பார்க்கிறதாம். அத்தைக்கு ஆங்கிலத்தில் டீ, பஸ் தவிர ஒன்றும் தெரியாது. என் ஞாயிற்றுக்கிழமை பாடத்தை டி.வி. பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே யோசித்தபோதுதான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காதுக்கு ஒன்றாக இருப்பதுதானே இந்தச் சொற்களின் குணமே? தனியாக வீக் என்று மட்டும் சொன்னால் அது வாரமா சோர்வா என்று இங்கிலாந்தில் பிறந்தவர் கூடச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை அண்ணி வாரம் தவறாமல் சரியாகச் சொல்லியிருக்கிறார், நானும் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் இங்கிலீஷ் நடத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி என் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அண்ணி தேர்வு அறையில் நடந்ததைச் சொன்னார். வார்டில் யார் எந்தப் பாஷையில் பேசினாலும் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஹெட்போனில் குரல் வந்ததும் கண் முகத்தைத் தேடுகிறது. முகம் இல்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. தேடி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, எழுதுகிற கை நின்றுவிடுகிறது. இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவர் சொல்லவேயில்லை. அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முகம் தெரியாமல் பேச வேண்டும். துணியால் முகத்தை மூடிக்கொண்டு பேசிப் பார்த்தேன். தோள்பட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கதவுக்குப் பின்னால் நின்று பேசினால் அத்தை எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார். கடைசியில் என் ஸ்கூட்டர்தான் கைகொடுத்தது. காலையில் நான் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அண்ணியை ஈரோட்டில் விட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. நான் ஹெல்மெட்டோடு முன்னால், அவர் பின்னால். அவருக்குத் தெரிவதெல்லாம் என் முதுகு. காவிரிப் பாலம் முழுக்க நான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவேன், அவர் பின்னாலிருந்து தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

தனிச் சொற்களைத் தலைமுழுகிவிட்டு வாக்கியங்களாகச் சொன்னேன். நோயாளி ரொம்ப வீக்காக இருக்கிறார், வெயிட் குறைந்திருக்கிறது, அடுத்த வீக் வரை வெயிட் பண்ணிப் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கத்துவேன். நூல் மூட்டை ஏற்றிய வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்பார்கள். என் குரலுக்கேற்ற வகுப்பறை எனக்கு முதல்முறையாக அந்தப் பாலத்தில்தான் கிடைத்தது.

ஒரு வாரத்திலேயே அண்ணி எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பார்த்தால், வண்டியின் பக்கக் கண்ணாடியில் என் முகம் அவருக்குத் தெரிகிறது. கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். பாலத்து முனையில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, கண்ணாடியை ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணி என் முகத்தைப் பார்த்து ஆங்கிலம் காப்பியடிக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தன் கையாலேயே பழையபடி திருப்பிவிட்டு, போகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. கண்ணை மூடியதும் அத்தனையும் கலைந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒரு காலை பாலத்தில் நெரிசல். நான் சொன்னது ஒன்றுமே அண்ணிக்கு ஏறவில்லை. பள்ளிக்கு நேரமாகிறது, வெயில் வேறு. “காதை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களாங்க?” என்று கேட்டுவிட்டேன். ‘ங்க’ இருந்தும் அது போதவில்லை. அண்ணி வண்டியிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன். பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார். கொஞ்ச தூரம் போய் அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

“எல்லாரும் போயிட்டாங்க அம்மிணி. நான் மட்டும் கேக்கு வெட்டிட்டே நிக்கறேன்” என்றார். “எனக்கும் போவோணும். ஒருக்காவாச்சும் போவோணும்.”

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏறிக்கொள்ளச் சொன்னேன். ஏறிக்கொண்டார். “கண்ணை மூடிக்கிட்டேன், சொல்லு” என்றார்.

அதன் பிறகு எப்போது மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வாக்கியத்தின் வால் மட்டும் பிடிபட்டது, பிறகு தலை, பிறகு முழுசாக. ஒருநாள் வீக்கையும் வீக்கையும் தயங்காமல் பிரித்துச் சொன்னபோது எப்படி என்று கேட்டேன். கல்யாண வீட்டில் ஒருத்தி யார் பக்கத்தில் நிற்கிறாளோ அதை வைத்து அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடுகிற மாதிரி, முன்னாலும் பின்னாலும் நிற்கிற சொல்லை வைத்துத் தெரிகிறது என்றார். இத்தனை வருஷமாக இந்தச் சொற்களை ஜோடி ஜோடியாகத் தனியே நிறுத்தி வைத்து நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது புதிதாக இருந்தது. இப்போதெல்லாம் வகுப்பில் வாக்கியமாகத்தான் நடத்துகிறேன், கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு.

கடைசித் தேர்வுக்கு அண்ணியின் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்து அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார். ஹெட்போனை மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டாராம். மேற்பார்வைக்கு நின்ற பெண் உடம்பு சரியில்லையா என்று வந்து கேட்டுவிட்டுப் போனாளாம். எழுதுகிற நேரத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்திருக்கிறார்.

முடிவு வந்த அன்று எங்கள் பள்ளியில் மதிய இடைவேளை. மைதானத்தில் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் தறிப்பட்டறை தோற்றுவிடும். தற்செயலாகக் கேட்டைப் பார்த்தால் சீருடையோடு அண்ணி நிற்கிறார். அங்கிருந்தே என்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறார். பழக்கம் விடவில்லை. எனக்கு வழக்கம்போல ஒன்றும் புரியவில்லை. “என்னங்க?” என்று இங்கிருந்தே கத்தினேன். மறுபடி உதட்டை அசைத்தார். மறுபடி கத்தினேன். கடைசியில் அந்த மனுஷி மைதானத்தைக் கடந்து நடந்து வந்து, பாஸாயிட்டேன் என்று என் காதுக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு நான் போட்ட சத்தத்தில் மைதானமே ஒரு நிமிடம் அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு துண்டு போடுகிற பக்கம் போய் நின்றுவிட்டார். ஜூனியர் பெண் ஒருத்தி அவர் தோளைப் பிடித்து மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே நின்றதும் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அண்ணி பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்களைப் பார்த்தபடி வந்து நின்றார். எங்களுக்கு அக்கம்பக்கத்தில் நின்ற குடும்பங்கள் எல்லாம் கண்ணாடியைத் தட்டின, கையை ஆட்டின, போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறதா கேட்கிறதா என்றன. எங்கள் வீட்டார் பாட்டுக்கு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. அத்தை ஏதோ கேட்க அண்ணி பதில் சொன்னார். மகள் ஏதோ சொல்ல அண்ணி சிரித்தார். தன் கணவரிடம் அண்ணி பேசியது மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்து ஊமைக் குடும்பம் என்று நினைத்து இடம்விட்டு ஒதுங்கினார்.

எனக்குக் கண்ணெல்லாம் நீர் முட்டி எதுவும் தெரியவில்லை. அழுகையிலும் எனக்குச் சத்தம் அதிகம். அண்ணி என் பக்கம் திரும்பி, தன் கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். துடைத்துக்கொள், பார் என்று அர்த்தம். முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக, ஒவ்வொன்றாக உதட்டை அசைத்தார்.

வாரேன் அம்மிணி.

என்ன சொன்னார் என்று பக்கத்தில் யாரையும் நான் கேட்கவில்லை. கத்த வாயெடுத்தவள் குரலை உள்ளேயே நிறுத்திக்கொண்டேன். உதட்டை மட்டும் அசைத்து, போயிட்டு வாங்க அண்ணி என்றேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்டது என்று காதைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார்.